திருவொற்றியூர்: யூபிவிசி ஜன்னல் கைப்பிடி முறிஞ்சுடுச்சு, கதவையே மாத்தணும்ங்கிறாங்க

தேரடிக்காரி
எல்லாருக்கும் வணக்கம். வீடு திருவொற்றியூர்ல, மூணாவது மாடி. ஹால் ஜன்னல் கிழக்கு பார்த்தது, மொட்டை மாடிக்குப் போனா கடல் தெரியும், அவ்வளவு பக்கம். வெளிப்பக்கம் திறக்கிற ரெண்டு கதவு யூபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஜன்னல், உள்பக்கம் இரும்பு கிரில். மிக்ஜாம் புயலுக்கு முந்தின வருஷம்தான் போட்டது.

வலது கதவோட கைப்பிடி கொஞ்ச நாளாவே இறுக்கம். ரெண்டு கையால அழுத்தித் திருப்பினாத்தான் மூடும். நேத்து சாயங்காலம் மழை இருட்டிக்கிட்டு வருதேன்னு மூடப் போனேன், கைப்பிடி கழுத்தோட முறிஞ்சு கையில வந்துடுச்சு. இப்ப கதவை நைலான் கயிறு போட்டு கிரில்லோட கட்டி வெச்சிருக்கேன். காத்து அடிச்சா ராத்திரி பூரா டமடமன்னு சத்தம், மாமியார் தூங்கல.

ஜன்னல் போட்டவங்களுக்கு போன் பண்ணினா, "அந்த மாடல் கைப்பிடி இப்ப வர்றதில்ல மேடம், கதவையே புதுசா பண்ணிடலாம், 6,500 ஆகும்"ங்கிறாங்க. ஒரு கைப்பிடிக்காகக் கதவையே மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கொடுங்கையூர் ஸ்லைடிங்
வேணாம்க்கா. நான் அலுமினியம், யூபிவிசி வேலைதான் பார்க்கிறேன், நம்ம ஆளுங்களே இப்படிச் சொல்றது கேட்டா கோவமா வருது. மாடல் வரலைன்னா என்ன, அளவு ஒத்துவந்தா போதும். இப்ப போடுற யூபிவிசி ஜன்னல்ல பெரும்பாலும் ஒரே அளவுதான் வரும்: ரெண்டு ஸ்க்ரூ ஓட்டைக்கும் நடுவுல, சென்டருக்கு சென்டர் 43 மில்லிமீட்டர். கைப்பிடிக்குப் பின்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற சதுரக் கம்பி 7 மில்லிமீட்டர். இந்த ரெண்டும் ஒத்துப்போனா எந்தக் கம்பெனி கைப்பிடியும் உட்காரும்.

மூணாவது அளவைத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. அந்தச் சதுரக் கம்பியோட நீளம். கைப்பிடியோட அடித்தட்டுலேர்ந்து கம்பி நுனி வரைக்கும் ஸ்கேல் வெச்சுப் பாருங்க. நீளமா இருந்தா ஹாக்சா பிளேடால வெட்டிக்கலாம். குட்டையா இருந்தா கதவுக்குள்ள பூட்டை நகர்த்துற கியர்ல பிடிக்காது, வெறுமனே கையில சுத்தும்.

கழட்டறது சுலபம். கைப்பிடி அடியில ஒரு மூடி இருக்கும், அதை லேசா முன்னாடி இழுத்துக் கால் சுத்து திருப்பினா ரெண்டு ஸ்க்ரூ தெரியும், அவ்ளோதான். ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. மிச்சம் இருக்கிற துண்டை பிளையரால பிடிச்சு, கதவு திறந்திருக்கும்போது திருப்புங்க. அப்புறம் கதவை மூடிக்கிட்டுத் திருப்புங்க. ரெண்டும் எப்படி இருக்குன்னு எழுதுங்க. புதுக் கைப்பிடியும் இதே மாதிரி முறியுமா முறியாதான்னு அதுல தெரிஞ்சிடும்.

காசிமேடு போட் பிட்டர்
இன்னாக்கா, முறிஞ்ச எடத்த ஒரு போட்டோ போடு. சாம்பக் கலர்ல, மணலு கணக்கா பொரபொரன்னு கீதா? அப்போ அது மசாக். துத்தநாகம் கலந்து ஊத்துன சரக்கு. மேல வெள்ள பவுடர் கோட்டிங் அடிச்சு ஸ்டீலு மாறி டபாய்ப்பானுங்கோ. கோட்டிங்ல ஒரு கீறல் வுழுந்தா போதும், உப்புக்காத்து உள்ள பூந்துரும். வெளிய பாத்தா பளபளன்னு கீது, உள்ள கலீஜ். கடலோரத்துல இத்த போட்டவன மொதல்ல கேக்கணும்.

தேரடிக்காரி
போட்டோ போட்டிருக்கேன். அண்ணா சொன்ன மாதிரியேதான். சாம்பல் நிறம், விரலால தேய்ச்சா மணல் மணலா இருக்கு. கோட்டிங் ஓரத்துல வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு, பெயின்ட் அங்கங்க சின்னச் சின்ன கொப்புளமா எழும்பியிருக்கு.

திருப்பியும் பார்த்தேன். கதவு திறந்திருக்கும்போது லேசா, சத்தமே இல்லாம சுத்துது. மூடிக்கிட்டுத் திருப்பினா பாதியில நின்னுடுது. ஸ்க்ரூ நடு அளவு 43 சரியா இருக்கு. சதுரக் கம்பி 7. நீளம் 35.

கொடுங்கையூர் ஸ்லைடிங்
நினைச்சேன். அக்கா, உங்க கியர் நல்லா இருக்கு. திறந்தப்பவும் இறுக்கமா இருந்தா கியர்தான் துருப்பிடிச்சிருக்குன்னு அர்த்தம். திறந்தா லேசு, மூடினா இறுக்கம்னா கதவு தொங்கிடுச்சுன்னு அர்த்தம். நீங்க கைப்பிடியைத் திருப்பும்போது கதவோட ஓரத்துல காளான் மாதிரி சின்னச் சின்ன முளைங்க மேலயும் கீழயும் நகரும். அது பிரேம்ல இருக்கிற கொண்டிக்குள்ள போய் மாட்டணும். கதவு ரெண்டு மூணு மில்லி இறங்கினாக்கூட முளை கொண்டிக்குள்ள போகாம அதோட விளிம்புல இடிக்கும். நீங்க கைப்பிடியைப் போட்டு அழுத்துவீங்க. இருக்கிறதுலயே சோப்ளாங்கி எதுவோ அது முறியும். உங்க வீட்ல அது கைப்பிடி.

கதவைப் பாதி மூடி, கைப்பிடி பக்கம் கீழ் மூலை பிரேம்ல உரசுதான்னு பாருங்க. உரசின கோடு கருப்பா தெரியும். அப்படியே மேலயும் கீழயும் கதவைத் தாங்குற பட்டை இருக்கு பாருங்க, ப்ரிக்ஷன் ஸ்டேன்னு சொல்லுவோம், அது துருவா இருக்கான்னும் சொல்லுங்க.

வண்ணை வாடகைவாசி
இழையைத் திருப்பறதுக்கு மன்னிக்கணும். நான் புது வண்ணாரப்பேட்டையில வாடகைக்கு இருக்கேன். இதே மாதிரி ஸ்லைடிங் ஜன்னல் லாக்கு போயிடுச்சு. ஹவுஸ் ஓனர், "நீங்கதான் மாத்திக்கணும்"ங்கிறார். வீடு அவருது, ஜன்னல் அவருது, நான் ஏன் மாத்தணும்?

பாரிமுனை குமாஸ்தா
சட்டப்படி பார்த்தா இதுல ஓனர் பக்கம்தான் நியாயம் சார். 2017-ல வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரி 22-லேர்ந்து நடைமுறையில இருக்கு. அதோட ரெண்டாவது அட்டவணையில யார் எதைப் பழுது பார்க்கணும்னு பிரிச்சுப் போட்டிருக்காங்க. கட்டடப் பழுது, சுவருக்கு வெள்ளையடிக்கிறது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்கிறது ஓனர் தலையில. குழாய் வாஷர், சுவிட்ச், கதவு ஜன்னல் கைப்பிடி, பூட்டு, உடைஞ்ச கண்ணாடி எல்லாம் வாடகைதாரர் தலையில. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா அது செல்லும். அதனால அக்ரிமென்ட்டை எடுத்து ஒரு தடவை படிங்க. கையெழுத்து போடும்போது யாரும் படிக்கிறதில்ல.

வண்ணை வாடகைவாசி
அடப்பாவமே. சரி, அப்ப ஸ்லைடிங் லாக்குக்கு என்ன பண்றது? கொக்கி எதிர்ல இருக்கிற ஓட்டையில மாட்ட மாட்டேங்குது.

கொடுங்கையூர் ஸ்லைடிங்
லாக்கை வாங்காதீங்க சார், மொதல்ல வீலைப் பாருங்க. ஸ்லைடிங்ல லாக்கு போச்சுன்னு என்னைக் கூப்பிடுற வீட்ல பெரும்பாலும் கீழ பேரிங்தான் தேய்ஞ்சிருக்கும். வீல் தேய்ஞ்சா கதவு இறங்கும், கொக்கி பழைய உயரத்துல இருக்கிற ஓட்டையைத் தேடும், கிடைக்காது. கதவோட பக்கவாட்டுல கீழ ஒரு சின்ன ஓட்டைக்குள்ள ஸ்க்ரூ இருந்தா, அதைத் திருப்பினாலே கதவு தூக்கும். ஸ்க்ரூ இல்லாத மலிவு செட்டுன்னா கதவை மேல தூக்கி வெளிய எடுத்து பேரிங் ரெண்டையும் மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா கதவு சாஞ்சுக்கும்.

எண்ணூர் சாம்பல்
பேரிங் ஏன் தேயுதுன்னு எங்க ஊருக்கு வந்தா தெரியும். அனல் மின் நிலையத்துச் சாம்பல், லாரி கிளப்புற புழுதி, ரெண்டும் டிராக்ல போய் உட்காரும். அதுமேல கிரீஸ் அடிச்சு வைக்கிறாங்க பாருங்க, அது சாம்பலோட கலந்து உப்புத்தாள் மாதிரி வீலைத் தேய்க்கும். தேங்காய் எண்ணெய் ஊத்துறவங்க இன்னும் மோசம், கொஞ்ச நாள்ல பிசினாயிடும். டிராக்கை பழைய டூத் பிரஷ்ஷால நல்லா தேய்ச்சு, ஈரத்துணியால துடைச்சு, காய விட்டு, மெழுகுவத்தியை ஒரு இழுப்பு இழுத்தா போதும். கியர், கீல் மாதிரி மூடின இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு.

ராயபுரம் பழைய வீடு
எங்க வீட்ல எல்லாமே தேக்கு ஜன்னல், தாத்தா காலத்தது. தாப்பா, கைப்பிடி, கொக்கி எல்லாம் பித்தளை. பேரன் "கருப்பாயிடுச்சு, புதுசா ஸ்டீல்ல மாத்திடலாம் தாத்தா"ங்கிறான். பித்தளை ஸ்க்ரூ சிலது தலை உடைஞ்சு உள்ளயே நிக்குது. சிலது மரத்துல பிடிப்பில்லாம சுத்துது. என்ன பண்ணலாம்?

லோகோ தாத்தா
பித்தளையைக் கழட்டிப் போடாதீங்க ஐயா. இன்னிக்கு அந்த கனத்துல பித்தளைத் தாப்பா வாங்கணும்னா துட்டு எங்கியோ போகும். புளியைக் கரைச்சுத் தேய்ச்சா பூஜை சாமான் மாதிரி வந்துடும்.

நான் பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ்ல பிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், அதனால ஸ்க்ரூ விஷயம் மட்டும் கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன். பித்தளை ஸ்க்ரூ மெது. தேக்குல நேரா ஏத்தினா தலை முறுக்கிக்கிட்டு உடையும். முதல்ல அளவான சின்ன ஓட்டை போடணும். அதுல அதே சைஸ் இரும்பு ஸ்க்ரூவை ஏத்தி இறக்கணும், அது வழி போட்டுக் கொடுக்கும். அப்புறம் பித்தளை ஸ்க்ரூவோட மரையில சோப்பையோ மெழுகையோ தடவி ஏத்தினா வெண்ணெயா இறங்கும். சுத்திக்கிட்டே இருக்கிற ஓட்டையில பெவிகால் தொட்ட தீக்குச்சி ரெண்டு மூணு சொருகி, மிச்சத்தை வெட்டிட்டு, மறுநாள் ஸ்க்ரூ போடுங்க. மருந்துத் தலையைக் கிள்ளிட்டுச் சொருகணும், சொல்லாம விட்டா அதையும் சேர்த்துச் சொருகற ஆளுங்க இருக்காங்க.

உடைஞ்சு நிக்கிற ஸ்க்ரூவுக்கு அவசரப்படாதீங்க. சூடு பண்ணின சால்டரிங் அயர்ன் நுனியை அதுமேல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்து, ஆறினதும் மூக்கு பிளையரால திருப்பிப் பாருங்க. வரலைன்னா தாப்பாவை அரை அங்குலம் நகர்த்திப் போட்டுக்கலாம், அதுக்காக மரத்தை நோண்டாதீங்க.

ஹவுசிங் போர்டு குடியிருப்புல பழைய இரும்பு ஜன்னல் வெச்சிருக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. அதுல கைப்பிடி ரிவிட் அடிச்சிருக்கும். ரிவிட்டோட தலையில சென்டர் பஞ்ச் அடிச்சு, ட்ரில் போட்டு எடுத்துட்டு, அந்த ஓட்டையிலயே டாப் போட்டு மரை வெட்டி ஆறு எம்எம் போல்ட் போடலாம். வாங்கும்போது இடது கை, வலது கை பார்த்து வாங்கணும். கைப்பிடியோட மூக்கு பிரேம்ல எந்த உயரத்துல உட்காருதுன்னும் அளந்துக்கணும். மூக்கு உயரம் ஒத்துவரலைன்னா ஜன்னல் இறுக்கி மூடாது, மழைத்தண்ணி உள்ள வரும். கழட்டின கையோட துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிச்சுடுங்க. அந்த இடம் மறுபடி கண்ணுக்குத் தெரியாது.

தேரடிக்காரி
தாத்தா, நன்றி. ஸ்லைடிங் அண்ணா, பார்த்தேன். கீழ் மூலை உரசுது, கருப்பா கோடு விழுந்திருக்கு. ஸ்டே பட்டை காவி நிறமா இருக்கு, ஆனா ஆடல. அப்ப ஸ்டே மாத்தணுமா?

கொடுங்கையூர் ஸ்லைடிங்
ஸ்டே ஆடலைன்னா இன்னொரு விஷயம் இருக்கு. கண்ணாடிக்கு பேக்கிங் வெச்சாங்களா இல்லையா? யூபிவிசி கதவு தன்னோட பலத்துல நிக்கிறதில்ல, கண்ணாடிதான் அதை விறைப்பா நிறுத்துது. கண்ணாடியோட கனம் கீழ, கீல் பக்க மூலையில உட்காரணும். அதனால அங்க ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதுக்கு குறுக்கே நேர் எதிரா மேல கைப்பிடி பக்க மூலையில ஒரு துண்டு சொருகணும். அவசர வேலையில இதை விட்டுடுவாங்க. போட்ட அன்னிக்கு நல்லாத்தான் மூடும், போகப் போக கைப்பிடி பக்கம் தொங்கும்.

இதைச் சரி பண்ண கதவை மாத்த வேணாம். கண்ணாடியைச் சுத்தி இருக்கிற பீடிங்கை எடுத்து, கதவை லேசா நெம்பித் தூக்கி, துண்டு சொருகி, பீடிங்கை மறுபடி அடிச்சா வேலை முடிஞ்சுது.

ஆனா அக்கா, ஒண்ணு கண்டிப்பா சொல்றேன். கைப்பிடி நீங்களே மாத்துங்க. பேக்கிங், ஸ்டே ரெண்டையும் நீங்க தொடாதீங்க. மூணாவது மாடி, வெளிய திறக்கிற கதவு. ஸ்டே ஸ்க்ரூ கழண்டா கண்ணாடியோட கீழ ரோட்டுல போய் விழும். தெரிஞ்ச ஆளை வெச்சு, கதவைக் கயிறு போட்டு கிரில்ல கட்டிக்கிட்டுப் பண்ணச் சொல்லுங்க. கீழ ஒருத்தரை நிக்க வெச்சு ஆளுங்களை விலகச் சொல்லணும்.

தேரடிக்காரி
சரிண்ணா. கைப்பிடி எங்க வாங்கறது? எதுல வாங்கறது? மசாக் வேணாம்னு புரியுது.

எண்ணூர் சாம்பல்
தேரடியில மெட்ரோ ஏறி மண்ணடியில இறங்குங்க, ஹார்டுவேர் கடைங்க நிறைய. இல்ல இன்னும் கொஞ்சம் தள்ளி சென்ட்ரல்ல இறங்கினா பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு, கதவு ஜன்னல் சாமான் கடை வரிசையா இருக்கும். ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, பாதிக்கு மேல ஷட்டர் இறங்கியிருக்கும். உடைஞ்ச கைப்பிடியைக் கையோட எடுத்துட்டுப் போங்க. ஸ்டீல்ல கேளுங்க. காந்தம் ஒண்ணு கொண்டு போங்க, ஒட்டலைன்னா ஒரிஜினல் 304, அதாவது துருப்பிடிக்காத நல்ல ரக ஸ்டீல்.

காசிமேடு போட் பிட்டர்
காந்தத்த வெச்சு கண்டுபுடிக்க முடியாது தலீவா. 202-ன்னு ஒரு சரக்கு கீது. நிக்கல கம்மி பண்ணி மாங்கனீசு போட்டு விலய கொறச்சது. அதுலயும் காந்தம் ஒட்டாது, 304-லயும் ஒட்டாது. கடக்காரன் "பாருங்க சார் ஒட்டல"ன்னு உதாரு காட்டி 202-அ தள்ளி வுட்டுருவான். ஒரே மழக்காலத்துல காவி கட்டிக்கும். நல்ல 304-லயே வளைச்ச எடத்துல காந்தம் லேசா இழுக்கும், அத்த பாத்துட்டு டூப்புன்னு வெச்சுட்டு வந்துராத.

படகுல நாங்கோ 316 கேப்போம். அதுல மாலிப்டினம் சேர்த்துக்கிறான், உப்பத் தாங்கும். வூட்டு ஜன்னலுக்கு அவ்ளோ வோணாம், கெடைக்கிறதும் கஷ்டம். சரக்கு மேல நம்பர் அடிச்சிருக்கா பாரு, பில்லுல 304-ன்னு எய்தி வாங்கு. பில்லு குடுக்க மாட்டேன்றவன் கடையில வாங்காத. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு வாட்டி நல்ல தண்ணி தொட்டு ஈரத்துணியால தொடச்சு வுடு. உப்பு நின்னாத்தான் அரிக்கும். பாத்ரூம் கய்வுற ஆசிட்ட மட்டும் ஜன்னல் கிட்ட கொண்டு போவாத, அதோட பொகை பட்டாலே ஸ்டீலு புள்ளி புள்ளியா பூத்துரும்.

எண்ணூர் சாம்பல்
அப்ப என் காந்தத்தை பிரிட்ஜ்லயே ஒட்டி வெச்சுடறேன்.

லோகோ தாத்தா
அலுமினியம் ஜன்னல்காரங்களுக்கு ஒண்ணு. ஸ்டீல் கைப்பிடி நல்லதுதான், ஆனா ஸ்டீல் ஸ்க்ரூவை அலுமினியத்துல நேரா ஏத்தினா, உப்பு ஈரம் பட்டதும் அலுமினியம் அரிச்சு வெள்ளையா பொங்கும். ஸ்க்ரூ நல்லா இருக்கும், ஓட்டை பெருசாயிடும். நைலான் வாஷர் ஒண்ணு போட்டு, மரையில துளி கிரீஸ் தடவி ஏத்துங்க. பித்தளை ஸ்க்ரூவை அலுமினியத்துல போடவே கூடாது. யூபிவிசிக்கு இந்த வம்பு கிடையாது, பிளாஸ்டிக்தானே.

தேரடிக்காரி
வேலை முடிஞ்சுது, எழுதிடலாம்னு வந்தேன்.

மண்ணடியில கிடைச்சுது. முதல்ல போன கடையில "எல்லாம் ஒரே மாதிரிதான் மேடம்"னு மசாக்கையே எடுத்து வெச்சார். உடைஞ்சதை மேசை மேல வெச்சேன், பேசாம உள்ள போயிட்டார். அடுத்த கடைக்காரர் 43, 7, 35-ன்னு சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "யாருக்கு வாங்கறீங்க, வேலை பார்க்கிறீங்களா?"ன்னு கேட்டார். ஸ்டீல்ல ஒண்ணு, பில்லுல 304 எழுதி வாங்கிட்டேன். கம்பி 40 நீளம்தான் இருந்துச்சு, வீட்ல அஞ்சு மில்லி அறுத்துக்கிட்டேன்.

கதவு வேலைக்கு எங்க தெருவிலேயே ஒரு தம்பியைப் பிடிச்சோம். பீடிங்கை எடுத்துப் பார்த்தா, மேல் மூலையில துண்டே இல்ல. கீழ ஒண்ணு இருந்துச்சு, அதுவும் நடுவுல நகர்ந்து கிடந்தது. ரெண்டும் சொருகினதும் கதவு ஏறிக்கிச்சு, உரசல் போயிடுச்சு. ஸ்டே ரெண்டையும் இப்பவே மாத்திடலாம்னு அவரே சொன்னார், துரு உள்ள வரைக்கும் போயிருக்குன்னு. நீளமும் கனமும் அதே அளவுல 304 வாங்கிட்டு வந்து போட்டார். எல்லாம் சேர்த்து அவங்க சொன்ன 6,500-ல பாதி கூட ஆகல. மாமியார் இப்ப ஒத்தை விரலால திறந்து மூடி, பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிக்கிட்டு இருக்காங்க.

இடது கதவு கைப்பிடி இன்னும் பழசுதான். அதையும் மாத்திடலாமா?

கொடுங்கையூர் ஸ்லைடிங்
கோட்டிங் கொப்புளிச்சிருந்தா மாத்திடுங்க. இல்லைன்னா அந்தக் கதவு பேக்கிங்கை மட்டும் அந்தத் தம்பியை விட்டுப் பார்த்துட்டு, கைப்பிடியை விட்டுடலாம். அப்புறம் அக்கா, சின்னப் பசங்க வீட்ல இருந்தா சாவி போட்ட கைப்பிடியும் கிடைக்குது, மூணாவது மாடிக்கு நல்லது. சாவியை ஜன்னல் பக்கத்துலயே ஆணியில பெரியவங்க கைக்கு எட்டுற உயரத்துல மாட்டி வைங்க, அவசரத்துக்குத் திறக்கணும்.

வண்ணை வாடகைவாசி
எனக்கும் வீல்தான். மாத்தினதும் பழைய லாக்கே மாட்டுது. ஓனர் பாதிக் காசு கொடுத்துட்டார், சட்டம் தெரியாது போல. குமாஸ்தா சார், நீங்க இங்க எழுதினதை அவர்கிட்ட சொல்லிடாதீங்க.

பாரிமுனை குமாஸ்தா
பீஸ் வாங்காம நான் எதுவும் சொல்றதில்ல.

வியாசர்பாடி வென்டிலேட்டர்
இப்பத்தான் இழை முழுக்கப் படிச்சேன். எங்க பாத்ரூம்ல கண்ணாடிப் பட்டையை ஏத்தி இறக்குற வென்டிலேட்டர், அந்தப் பிடி சுத்திக்கிட்டே இருக்கு, கண்ணாடி அசைய மாட்டேங்குது. அதுக்கும் 43 மில்லியா?

லோகோ தாத்தா
அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல தம்பி. அதுல பிடியோட சேர்ந்த இணைப்புப் பட்டையில ரிவிட் விட்டிருக்கும். பக்கத்துல இருக்கிற தகட்டோட ஒரு போட்டோ எடுத்துத் தனி இழையா போடு, பார்க்கலாம்.